கைத்திறனுக்கு ஒரு சான்றிதழ்
(பண்டார் தெங்காராவில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



பண்டார் தெங்காரா நம் காலத்தில் பிறந்த ஊர். 1972ஆம் ஆண்டில் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்ட பின்னரே, காடாய்க் கிடந்த இவ்வட்டாரத்தில் சாலையும் கடைத்தெருவும் தோன்றின. அன்று காடு தோட்டமாயிற்று. இன்று தோட்டம் வேறொன்றாய் மாறி வருகிறது. கூலாய் யங் தோட்டத்தை உங்களில் பலர் அறிவீர்கள். செம்பனை நின்ற அந்நிலத்தில் இப்பொழுது கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைக்கும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. மரஞ்சீவும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அக்கணினிகளுக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். சூட்டைத் தணிக்கக் குளிர்பதன இயந்திரம் வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் வேண்டும். இவற்றைப் பேணுவதற்கு ஆட்கள் வேண்டும். ஆனால், வேலை கேட்டுச் செல்வோரிடம் முதலில் கேட்கப்படுவது சான்றிதழே.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகள் ஒரு தோட்டத்தில் மின்சார வேலை பார்த்தார். லயத்து விளக்கு முதல் ஸ்டோரில் ஓடும் மோட்டார் வரை அவர் கைபடாதது எதுவுமில்லை. தோட்டம் விற்கப்பட்டது. தொழிற்சாலை ஒன்றுக்கு வேலை கேட்டுச் சென்றார். "சான்றிதழ் எங்கே?" என்றார்கள். தம் இரண்டு கைகளையும் காட்டினாராம். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னபோது அவரால் சிரிக்க இயலவில்லை.

தொழிற்சாலைமீது குறைகூறிப் பயனில்லை. 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகளின்படி, மின்கம்பி பொருத்தும் வேலை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனின் பொறுப்பிலேயே நடைபெறுதல் வேண்டும். கொதிகலனை இயக்குவதற்கும் அவ்வாறே தகுதிச் சான்று தேவை. உயிரோடு விளையாடும் பொருள்கள் இவை. சட்டம் கண்டிப்பாய் இருப்பது முறையே.

அப்படியானால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கு வழியே இல்லையா? உண்டு. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டு இலாகா, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிகள் உண்டு. அதற்குமேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உள்ளன. இதனைப் பெறுவதற்குரிய வழிகளுள் ஒன்று பி.பி.டி. என்பது. வேலையிலிருந்தபடியே நாம் பெற்ற அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டி, மதிப்பீட்டாளரின் சோதனைக்கு உட்பட்டுச் சான்றிதழ் பெறும் முறை அது. முதலாளியின் கடிதம், வேலைப் பதிவுத்தாள், செய்த வேலையின் புகைப்படம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். எஸ்.பி.எம். தேறவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஸ்.கே.எம். வேறு; வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேறு. பின்னதை எரிசக்தி ஆணையமே வழங்குகிறது. இன்னொரு செய்தி: தேர்வே இல்லாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று தோட்டத்துக்குள் வரும் தரகரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். பயிற்சி மையம் இலாகாவின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் கேளுங்கள்.

இனி, நேரம். கதிரவன் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடிகிறது. ஆகவேதான் நாம் இருட்டிலேயே பிரட்டுக்கு எழுகிறோம். அத்தகையவர் இரவில் கண்விழித்துப் படிப்பது ஆகாத காரியம். மூன்றாம் நாளே புத்தகத்தின்மேல் உறங்கிவிடுவார். பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்து, உண்டு, சிறிது உறங்கி எழுந்தபின் ஒரு மணி நேரம் போதும். மழையால் வேலை நிற்கும் நாள்களில் இன்னும் சற்றுக் கூடுதலாகப் படிக்கலாம். பெண்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது என்பதையும் நான் அறிவேன். அவர்களுக்குப் பிற்பகலில் அடுப்பும் துணியும் காத்திருக்கின்றன. மனைவி படிக்க விரும்பினால் அந்த ஒரு மணி நேரம் உலைவைக்கும் பொறுப்பைக் கணவன் ஏற்கட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேசுகையில் மைக்கேல் ஃபாரடேயைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஜெனரேட்டருக்கு அடிப்படையான விதியை 1831இல் கண்டவர் அவர். இலண்டனில் புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டுகள் தொழில் பழகியவர். கட்டக் கொடுத்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். மாலைச் சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லராக இருந்த அவருடைய அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தார். அந்த ஷில்லிங்கைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

நமக்குள்ள பெருந்தடை மொழி. தமிழ்ப்பள்ளியோடு நின்றவர்கள் மலாய்ப் பாடநூலைக் கண்டால் அஞ்சுகின்றனர். நான் முன்னர்க் கூறிய நண்பர் ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டாக மடித்தார். ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ். அருஸ் என்றால் மின்னோட்டம், வோல்தான் என்றால் மின்னழுத்தம், ரிந்தாங்கான் என்றால் மின்தடை, லித்தார் என்றால் மின்சுற்று என்று எழுதினார். பெம்புமியான் என்ற சொல் அவரை ஒரு வாரம் அலைக்கழித்தது. பிறகு இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகள், "அப்பா, 'பூமி' அதற்குள்ளேயே இருக்கிறதே!" என்றாளாம். அவர் எத்தனையோ முறை கையால் செய்த நிலக்கம்பி இணைப்புத்தான் அது.

முதல் தேர்வில் அவர் தோற்றார். அந்தச் செய்தி வந்த அன்று நோட்டைத் தூக்கி எறிந்தார். மகள் எடுத்து வைத்தாள். இரண்டாம் முறை தேறினார். இன்று வேலையில் இருக்கிறார். ஆனால், இடையில் கழிந்த இரண்டு ஆண்டுகளும் குடும்பத்துக்குக் கடுமையாகவே இருந்தன. தோட்டம் இருந்தபோதே படித்திருந்தால் அவ்விரண்டு ஆண்டுகளும் மிஞ்சியிருக்கும் என்று அவரே கூறுவார்.

ஆகவே, உங்களில் ஸ்டோரிலோ, பட்டறையிலோ, லோரியிலோ வேலை பார்ப்பவர்கள் இவ்வாரமே கிராணியாரிடம் சென்று, எந்த ஆண்டிலிருந்து என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைக் குறித்து ஒரு கடிதம் கேளுங்கள். தோட்டம் கைமாறிய பிறகு அக்கடிதத்தை எழுதித்தர ஆள் இருக்கமாட்டார். கோப்பில் முதலில் வைக்க வேண்டிய தாள் அதுவே.