பனிக்காலப் பறவையும் படக்கருவியும்



சைதாப்பேட்டையிலிருந்து மறைமலை அடிகள் பாலத்தைக் கடந்தால் அடையாற்றின் தென்கரை. அங்கிருந்து சிறிது தொலைவில் கிண்டி தேசியப் பூங்காவின் புதர்க்காடு. ஏறத்தாழ 270 எக்டேர் பரப்புள்ள அக்காட்டுக்கு ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு விருந்தாளி வருகிறது. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்கும் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். வந்திறங்கும் நாள்களில் களைப்பு மிகுந்து வீடுகளுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் இரண்டு சுரங்களில் சீழ்க்கையடிக்கும். அதன் நிறங்களை எண்ணி இந்தியில் நவரங்க் என்றே அழைக்கின்றனர். அறிவியலார் வகுத்த பாடும் பறவைகளின் கிளையில் இதற்கு இடமில்லை. அந்திச் சீழ்க்கையை ஒருமுறை கேட்டவர் அத்தீர்ப்பை ஏற்கத் தயங்குவர்.

பிளித் நாணற் கதிர்க்குருவியின் கதை வேறு. உருசியாவிலும் நடு ஆசியாவிலும் கோடை இரவுகளில் பிற பறவைகளின் குரல்களையும் கோத்துப் பாடும் இது, இங்கு வந்தபின் பெரும்பாலும் "செக்" என்ற ஓரொலியோடு நிறுத்திக்கொள்கிறது. பாட்டைப் பிறந்த ஊரில் வைத்துவிட்டுப் பசியை மட்டும் கொண்டுவரும் குருவி. மார்கழிப் பறவைகளெல்லாம் காதலில் பாடுவதாக எழுதும் கவிஞர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

படமெடுப்பவரின் சிக்கலும் இங்கேதான். மழையில் ஊறிய சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடும் ஆறுமணிக் குருவி, இருண்ட புதரடியை விட்டு எளிதில் வெளிவராது. அந்த மங்கலில் கருவியின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். குருவியோ தத்திக்கொண்டே இருக்கும். அது அசையாது நிற்கும் கணத்துக்காகத் தரையோடு தரையாகக் கிடந்து காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்க்கு இன்று குறுக்குவழி உண்டு. பதிவு செய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்க விடுகின்றனர். தன் எல்லைக்குள் மற்றொன்று புகுந்துவிட்டதென்று குருவி இரையை விட்டு வெளியே வருகிறது. படம் கிடைக்கிறது, நெடும்பயணத்தில் இளைத்த உடலைத் தேற்றிக்கொள்ளும் காலைப்பொழுது குருவிக்குப் போய்விடுகிறது. பொய்க்குரல் கொடுத்துப் பெற்ற அந்தப் படத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை (1912-1996) இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது. அ. மாதவையாவின் மகன், 1950 முதல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிய கனத்த படக்கருவிக்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டுக்கொண்டார். வண்ணப்படம் பெருகிய பின்னும் கருப்பு வெள்ளையை அவர் விடவில்லை. ஒன்பது நிறக் குருவியைக் கருப்பு வெள்ளையில் எடுப்பது வீண்வேலை எனத் தோன்றலாம். நிறம் போனபின் எஞ்சுபவற்றைப் பாருங்கள்: நிமிர்ந்து நிற்கும் நிலை, கண்ணைக் கடந்தோடும் கரும்பட்டை, சருகின் மேல் சாய்ந்த தலை. பாட்டுமில்லை, நிறமுமில்லை, பறவை இருக்கிறது.

சித்திரை கடப்பதற்குள் இவை வடக்கே திரும்பிவிடும். அதற்குமுன் ஓர் அந்தியில் பாலத்தைக் கடந்து பூங்காவின் மதிலோரம் நின்றால், வண்டிகளின் இரைச்சல் சற்றே ஓயும்போது அந்தச் சீழ்க்கை கேட்கக்கூடும். படக்கருவி இல்லாமலும் போகலாம்.