சந்திரசேகர் சந்தித்த இரண்டு மறுப்புகள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். பொது அறிவு வினாடி வினாவுக்கு அது போதும். ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அவருடைய இளமையில் இரண்டு பேரறிஞர்கள் அவரிடம் 'இது சரியில்லை' என்றார்கள். ஒருவர் மறுத்த விதம் அவருக்கு ஆராய்ச்சியின் கதவைத் திறந்துவிட்டது. மற்றவர் மறுத்த விதம் அவரை அந்த ஆராய்ச்சியை விட்டே விலக வைத்தது. மாணவர்களிடம் நாள்தோறும் 'சரி', 'தவறு' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாம். அதனால் இந்த இரண்டு மறுப்புகளையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தைக்கு இரயில்வே கணக்குத் துறையில் வேலை. பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே கல்வி. ஆங்கிலமும் கணக்கும் தந்தையிடம், தமிழ் தாய் சீதாலட்சுமியிடம். இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அந்தத் தாய். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, 1925-இல் சென்னை மாநிலக் கல்லூரி. மகன் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ கணிதத்தின்மேல் ஆசை. இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். கல்லூரி அதைத் தடுக்கவில்லை. பின்னாளில் அவருடைய ஆராய்ச்சி முழுவதும் கணிதத்தின் மேல்தான் நின்றது என்பதை நினைத்தால், அந்த அனுமதியின் மதிப்பு புரியும்.

1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பு பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் தாமாகவே படித்து முடித்திருந்தார். அந்தத் துணிவில், அவர் தங்கியிருந்த விடுதிக்கே நேரில் போய்ப் பார்த்தார். நூலைப் படித்ததாகச் சொன்னதும் சாமர்ஃபெல்ட் சொன்னது, அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதுதான். குவாண்டம் இயற்பியல் அந்த ஓரிரு ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டிருந்தது. பாடுபட்டுப் படித்த மாணவனுக்கு இது பெரிய ஏமாற்றம்.

ஆனால் சாமர்ஃபெல்ட் அத்தோடு நிறுத்தவில்லை. எது மாறியது, எப்படி மாறியது என்று விளக்கினார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தாம் புதிதாக எழுதியிருந்த கட்டுரையின் அச்சுப் படிகளையும் அந்த இளைஞனிடம் கொடுத்தார். எலக்ட்ரான்களைக் கணக்கிடும் புதிய முறையைச் சந்திரசேகர் கற்றது அதிலிருந்துதான். சில மாதங்களில் அதைப் பயன்படுத்தி அவர் எழுதிய கட்டுரை, 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் கல்லூரி மாணவர். வயது பதினெட்டு.

அவருடைய முதன்மையான கண்டுபிடிப்பும் இங்கிருந்தே தொடங்குகிறது. அதை எங்கள் பள்ளியில் பெஞ்சுகளை வைத்துத்தான் நான் விளக்குவேன்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும். உள்ளே வெப்பம் தணிந்த பிறகு அதைத் தாங்கி நிற்பது எது? படிப்படியாக உயரும் பெஞ்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெஞ்சில் இரண்டு எலக்ட்ரான்கள்தான் உட்காரலாம். கீழே இடம் நிறைந்துவிட்டால் அடுத்து வருபவை மேலே போக வேண்டும். மேல் பெஞ்சில் இருப்பவை அதிக வேகத்தோடு இயங்கும். நட்சத்திரம் சுருங்கச் சுருங்க, பெஞ்சுகளுக்கு இடையிலான உயரம் கூடிக்கொண்டே போகும். ஆகவே எலக்ட்ரான்களின் வேகமும் கூடும். அந்த வேகம் தரும் அழுத்தம் ஈர்ப்பை எதிர்த்து நிற்கும். வெள்ளைக் குள்ளன் என்று நாம் பாடநூலில் சொல்லும் நட்சத்திரம் இப்படித்தான் நிலைத்து நிற்கிறது. சூரியனின் அளவுக்கு நிறை, பூமியின் அளவுக்குத்தான் பருமன். இந்த விளக்கத்தை 1926-இல் தந்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபௌலர்.

1930 ஜூலை இறுதியில், ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்வதற்காகச் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். பயணத்தின்போது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. மேல் பெஞ்சுகளில் உள்ள எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும்? ஒளியின் வேகத்தை எதுவும் தாண்ட முடியாது என்பது ஐன்ஸ்டைனின் சார்பியல். அதைச் சேர்த்துக் கணக்கிட்டார். நிறை கூடும்போது ஈர்ப்பு வளரும் வேகத்துக்கு அழுத்தத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதாவது, வெள்ளைக் குள்ளனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. இன்றைய கணக்கில் அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. எஞ்சிய நட்சத்திரத்தின் நிறை அதைத் தாண்டினால் அது வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது. மேலும் சுருங்கியே தீரும். இதைத்தான் 'சந்திரசேகர் வரம்பு' என்கிறோம். கப்பல் ஏறியபோது அவருக்கு வயது பத்தொன்பது.

இப்போது இரண்டாவது மறுப்புக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் அவர் முனைவர் பட்டம் பெற்று, 1933-இல் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே வானியலின் பேராளுமை ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்து உலகறியச் செய்தவர். நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல், சென்னையில் மாணவராக இருந்தபோதே சந்திரசேகருக்குப் பரிசாகக் கிடைத்த நூல். 1934-இல் சந்திரசேகர் தம் கணக்கை முழுமையாகச் செய்துகொண்டிருந்தபோது, எடிங்டன் அவர் அறைக்கு வந்து வேலை எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். தமக்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11. இலண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவுகளைச் சொல்லி அமர்ந்தார். அடுத்துப் பேசிய எடிங்டன் அந்த முடிவைக் கேலி செய்தார். அவையில் சிரிப்பு எழுந்தது. நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கணக்கின் விளைவை எடிங்டன் மிகச் சரியாகப் புரிந்துகொண்டார். வரம்பு உண்மையானால் நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போய், ஒளிகூட வெளியேற முடியாத நிலையை அடையும் என்று அவரே சொன்னார். இன்று நாம் கருந்துளை என்பது அதைத்தான். அவ்வளவு தூரம் பார்த்தவர், முடிவு விசித்திரமாக இருக்கிறது என்பதையே கணக்கு தவறு என்பதற்குக் காரணமாக்கிவிட்டார். சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று போர், பௌலி போன்ற இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வெளிப்படையாக யாரும் எடிங்டனை எதிர்க்கவில்லை.

சந்திரசேகர் 1937-இல் அமெரிக்காவுக்குச் சென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வான்நோக்ககத்தில் சேர்ந்தார். தம் ஆராய்ச்சியை 1939-இல் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார். பிறகு அதுவே அவர் வழக்கமாயிற்று. ஒரு துறையில் பல ஆண்டுகள் ஆழ்ந்து உழைப்பார், முழுமையான நூல் ஒன்றை எழுதுவார், அடுத்த துறையைத் தொடங்குவார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் பரவல், பாய்மங்களின் நிலைப்பு என்று போய், கடைசியில் கருந்துளைகளின் கணிதத்துக்கே வந்து சேர்ந்தார். அந்த நூல் வெளிவந்த 1983-ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசும் வந்தது. இலண்டன் கூட்டம் நடந்து 48 ஆண்டுகள் கடந்திருந்தன.

எடிங்டன்மேல் அவர் பகைமை பாராட்டவில்லை. 1982-இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் உரையாற்றி, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வான் இயற்பியலாளர் என்றே போற்றினார்.

அவர் ஆசிரியராகவும் இருந்தார். 1940-களில் யெர்க்ஸிலிருந்து சிகாகோவுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் கார் ஓட்டிப் போய்ப் பாடம் நடத்திய காலம் உண்டு. அந்த வகுப்பில் பதிவு செய்திருந்தவர்கள் இரண்டே மாணவர்கள். சீனாவிலிருந்து வந்த லீ, யாங் என்ற அந்த இருவரும் 1957-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆசிரியருக்கு அந்தப் பரிசு கிடைக்க அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் ஆயின. ஈராசிரியர் பள்ளிகளிலும் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளிலும் பணியாற்றும் நண்பர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நண்பர்களே, மாணவர் தவறாகச் சொன்னால் திருத்தத்தான் வேண்டும். சாமர்ஃபெல்ட்டும் திருத்தினார். அந்த மாணவன் திரும்பிப் போகும்போது அவன் கையில் அடுத்துப் படிக்க ஒன்று இருந்தது. எடிங்டனின் மறுப்புக்குப் பிறகு அவையின் சிரிப்புதான் மிஞ்சியது.

மூன்றாம் வகுப்புக் குழந்தை கேட்கும் கேள்விக்கும் பிளஸ் டூ மாணவர் போடும் கணக்குக்கும் இது பொருந்தும். விடை விசித்திரமாக வந்தால், "எந்த வரியில் பிழை, சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். பிழை இருந்தால் அந்த வரியைக் காட்டுங்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள். பிழையான வரி எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்த விடையை அழிக்காமல் கரும்பலகையில் விட்டுவையுங்கள். மறுநாள் மறுபடி பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதில் சொல்ல மாணவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். இலண்டன் அவையில் அந்த இருபத்து நான்கு வயது இளைஞருக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.