தேனெடுக்கும் பக்குவம்

(தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசப் புகுவோர் பெட்டி வாங்குவதையும் கூட்டம் பிடிப்பதையுமே விரித்துரைப்பது வழக்கம். ஆனால் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் பட்ட பாடு பணமாவதும் பாழாவதும் தேனெடுக்கும் சில வாரங்களிலேதான். தேன் எப்பொழுது எடுக்கத் தக்கது, எவ்விதம் எடுக்கத் தக்கது, எவ்வளவு எடுக்கத் தக்கது என்னும் மூன்று விஷயங்களே இப்பிரசங்கத்தின் பொருள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் முதலிய இடங்களில் தேனீ வளர்ப்பையே ஜீவனமாகக் கொண்டுள்ள குடும்பங்களின் முறை இங்கு உதாரணமாகக் கொள்ளப்படுகிறது.

தொழில் வந்த வழி

முற்காலத்தில் மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் பானையிலும் குடியிருந்த தேனீக்களைப் புகையால் விரட்டி, அடையை அறுத்துக் கையால் பிழிவதே வழக்கமாயிருந்தது. அவ்விதம் பிழிந்த தேனில் புழுவும் மகரந்தமும் மெழுகும் கலந்திருந்தமையால் அது சீக்கிரம் புளித்தது. கூட்டமும் அழிந்தது. 1911 முதல் 1917 வரையில் பாதிரியார் நியூட்டன் என்பவர் இந்தியத் தேனீயின் அளவுக்கேற்ற சிறு பெட்டியை அமைத்துத் தென்னிந்தியக் கிராமத்தாருக்கு அதைக் கையாளும் விதத்தையும் கற்பித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்தி வந்த காலத்தில், அத்தொழில் அவ்வட்டாரத்துச் சிறு குடியானவர்களின் உபதொழிலாக வேரூன்றியது.

இப்பெட்டியில் கீழே புழு அறையும் மேலே தேன் அறையும் உண்டு. ராணி ஈ முட்டையிடுவதும் குஞ்சுகள் வளர்வதும் கீழறையில். மிகுதியான தேனைச் சேமிப்பது மேலறையில். மனிதன் கை வைக்கலாவது மேலறையில் மாத்திரமே. கீழறையில் இருப்பது தேனீக்களின் குடும்பச் சொத்து. இவ்வெல்லையை மதிப்பதே இத்தொழிலின் முதல் தர்மமாகும்.

ரப்பர் மரமும் தேன் பருவமும்

மேற்படி வட்டாரத்தில் தேன் மிகுதியாகக் கிடைப்பது பூவிலிருந்து அன்று, ரப்பர் மரத்தின் இளந்தளிரிலிருந்து. மார்கழி, தை மாதங்களில் அம்மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடுகிறது. மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்திலுள்ள சிறு சுரப்பிகளில் இனிய நீர் ஊறுகிறது. ஏறக்குறைய பங்குனி முடியத் தேனீக்கள் அதை இடைவிடாது கொண்டுவருகின்றன. இக்காலத்திற்கென்றே குடும்பத்தார் தங்கள் பெட்டிகளை இரவில் வாசல் அடைத்து ஏற்றிச் சென்று தோட்டங்களில் வரிசையாக வைக்கின்றனர்.

இதில் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. தளிரிலூறும் நீரில் மகரந்தம் கிடையாது. மகரந்தமின்றிக் குஞ்சு வளராது. ஆகையால் தென்னையும் பிற பூமரங்களும் அருகில் உள்ள தோட்டத்தையே அனுபவசாலிகள் தேர்ந்தெடுக்கின்றனர். ரப்பரை மட்டும் நம்பிப் பெட்டி வைத்தால் தேன் அறை நிரம்பும். புழு அறை வெறுமையாகும்.

முற்றிய தேனும் முற்றாத தேனும்

தேனீ கொண்டுவரும் இனிய நீரில் பாதிக்கு மேற்பட்ட பாகம் ஜலமேயாகும். அதை வேலைக்கார ஈக்கள் ஒன்றுக்கொன்று வாய்மாற்றியும், மெல்லிய படலமாக அறைகளில் பரப்பியும், இரவெல்லாம் இறக்கையால் விசிறியும் ஈரத்தைப் போக்குகின்றன. தக்க பதம் வந்தபின் அவ்வறையை மெழுகினால் மூடி முத்திரையிடுகின்றன. அம்மெழுகு மூடியே தேன் முற்றியதற்குத் தேனீக்கள் கொடுக்கும் சாட்சிச் சீட்டு.

ஆகையால் ஒரு சட்டத்திலுள்ள அறைகளில் நான்கில் மூன்று பங்காவது மூடப்பட்டிருந்தாலன்றி அதை எடுக்கலாகாது. ஐயமிருந்தால் சட்டத்தைக் கிடையாகப் பிடித்து ஒரு முறை உதறிப் பார்க்க வேண்டும். துளிகள் தெறித்து விழுந்தால் அது தேன் அன்று, இன்னும் நீரே. அச்சட்டத்தைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். இவ்விதம் காத்திருக்கும் சில நாட்களில் மேலும் வரும் தேனுக்கு இடமில்லாமற் போகுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். அதற்குப் பரிகாரம் இன்னொரு தேன் அறையை மேலே ஏற்றுவதேயன்றி, பச்சைத் தேனைப் பறிப்பதன்று.

இந்த அவசரத்தால் விளையும் நஷ்டம் அவசரப்பட்டவரோடு நிற்பதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி தேனில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கலாகாது. சங்கத்தின் பீப்பாய் ஒன்றில் ஒன்பது வீட்டார் தலைக்குப் பத்துக் கிலோ வீதம் 19 சதவீத ஈரமுள்ள நல்ல தேனை ஊற்றியதாகக் கொள்வோம். பத்தாவது வீட்டார் 30 சதவீத ஈரமுள்ள பச்சைத் தேனைப் பத்துக் கிலோ ஊற்றினால், நூறு கிலோவும் 20.1 சதவீத ஈரமுள்ளதாகிவிடும். ஒன்பது வீட்டாரின் பொறுமையை ஒரு வீட்டாரின் அவசரம் விழுங்கிவிடுகிறது! அதுமட்டுமன்று, சரியாகக் கலக்காவிட்டால் நீர்த்த தேன் மேலே மிதந்து நிற்கும். அதில் காடி உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நுரை கட்டும். புளிப்பு அங்கிருந்தே தொடங்கும்.

எடுக்கும் நாளின் வேலை

மழையில்லாத, காற்றில் ஈரம் குறைந்த நாளொன்றைத் தேர்ந்து, ஈக்கள் வெளியே சென்று வரத் தொடங்கியபின் காலையிலேயே வேலையை ஆரம்பிப்பது நலம். குடும்பத்தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு. ஒருவர் பெட்டியருகில் நின்று சட்டங்களை எடுப்பார். ஒருவர் அவற்றை மூடியுள்ள பாத்திரத்தில் அறைக்குச் சுமப்பார். ஒருவர் மெழுகு மூடி சீவுவார். ஒருவர் யந்திரம் சுழற்றுவார். ஒருவர் வடிகட்டிக் கணக்கெழுதுவார். ஆள் குறைந்தால் வேலை நீளும். வேலை நீண்டால் திறந்த பெட்டியின் மணத்தை அறிந்து பிற கூட்டத்து ஈக்கள் கொள்ளையிட வரும்.

புகையூட்டும் கருவியில் காய்ந்த தேங்காய் நாரை மூட்டி, குளிர்ந்த வெண்புகையை வாசலில் இரண்டு மூன்று முறை ஊதினால் போதும். புகை பட்டவுடன் ஈக்கள் வயிறு நிறையத் தேனை உறிஞ்சிக்கொண்டு சாந்தமடைகின்றன. கொட்டும் ஈ விடும் எச்சரிக்கை மணத்தையும் புகை மறைக்கிறது. அளவுக்கு மிஞ்சிய புகையோ தேனுக்கே நாற்றமேற்றும். சட்டத்தை எடுத்து, ஒரே உதறலாக ஈக்களைப் பெட்டிக்குள்ளேயே உதிர்த்து, எஞ்சியவற்றை மெல்லிய தூரிகையால் நீக்க வேண்டும். கொட்டப்பட்டால் கொடுக்கைத் தாமதமின்றிச் சுரண்டியெறிவது நலம். மூச்சுத் திணறலோ உடலெங்கும் தடிப்போ காணப்படுபவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

யந்திரத்தின் உபயோகம்

தேன் எடுக்கும் யந்திரத்தை 1865-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய ராணுவத்தைச் சேர்ந்த ஹ்ருஷ்கா என்பவர் உலகுக்கு அறிவித்தார். சுழலும் வேகத்தால் தேன் வெளியே வீசப்படும். அடை முழுமையாக நிற்கும். இதன் அனுகூலம் சாமானியமன்று. ஒரு கிலோ மெழுகைச் சுரப்பதற்குத் தேனீக்கள் அதைப்போல் பல மடங்கு தேனை உண்ண வேண்டியிருக்கிறது. அடையைப் பிழிந்தால் அத்தனையும் வீண். காலியடையைத் திருப்பிக் கொடுத்தாலோ மறுநாளே அதில் புதுத் தேன் சேரத் தொடங்கும்.

யந்திரம் வைக்கும் அறை ஈ நுழையாதபடி அடைப்புள்ளதாகவும், ஜலத்தால் கழுவி நன்றாக உலர்த்தப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இரண்டு கத்திகளை வெந்நீரில் வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றை எடுத்து, ஈரத்தைத் துடைத்தபின் மூடிகளை மெல்லிதாகச் சீவ வேண்டும். சட்டங்களை ஏறக்குறைய ஒரே எடையுள்ளவையாகப் பார்த்து எதிரெதிராக வைத்தால் யந்திரம் ஆடாது. முதலில் மெதுவாகச் சுழற்றி ஒரு பக்கத்துத் தேனில் பாதியை எடுக்க வேண்டும். பிறகு சட்டத்தைத் திருப்பி மறுபக்கத்தை முழுவதும் எடுத்து, மீண்டும் முதற்பக்கத்தை முடிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வேகமாகச் சுழற்றினால், உட்பக்கத்துத் தேனின் பாரம் தாங்காமல் அடை உடைந்துவிடும். புழுவுள்ள சட்டத்தை யந்திரத்தில் இடவே கூடாது.

சீவிய மூடிகளும் செல்வமே. அவற்றைச் சல்லடையில் வைத்தால் தேன் வடியும்; எஞ்சியதை உருக்கினால் நல்ல மெழுகு கிடைக்கும். தேனெடுத்த காலிச் சட்டங்களை அன்று மாலை, ஈக்கள் அடங்கும் வேளையில், பெட்டிகளில் திருப்பி வைத்துவிட வேண்டும். பகலில் வைத்தால் கொள்ளைக்கு இடமாகும். வெளியே போட்டுவைத்தால் மெழுகு அந்துப்பூச்சி அடையை அரித்துவிடும்.

வடிகட்டலும் சேமிப்பும்

தேனை மெல்லிய துணியால் வடிகட்டி, உயரமான பாத்திரத்தில் ஓரிரு நாள் மூடி வைத்தால் நுரையும் மெழுகுத் தூளும் மேலே வந்து நிற்கும். அவற்றை நீக்கிவிட்டு அடியிலுள்ள குழாய் வழியே தெளிந்த தேனைப் பிடிக்கலாம். தேன் புளிப்புத் தன்மையுடையது. இரும்பு, செம்பு, துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரங்களை அது அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமே உத்தமம். அன்றியும் திறந்துவைத்த தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடாத பானையில் முற்றிய தேனும் முற்றாத தேனாகும்.

நேரடியாக அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவது பெரும் பிசகு. அதனால் நிறம் கறுத்து, மணம் போய், தேனின் இயற்கைச் சத்துக்களும் கெடும். கடலோரத்து ஈரக்காற்றில், மூடிய அடையின் தேனிலும் சில வேளைகளில் விதித்த அளவுக்கு மேல் ஈரம் நிற்பதுண்டு. அதைச் சங்கத்தின் வெந்நீர்த் தொட்டி முறையில், உஷ்ணமானியை வைத்துப் பக்குவம் செய்வதே தகும். உறைந்து சர்க்கரைபோலான தேன் கலப்படமென்று வாங்குவோர் நினைப்பதுண்டு; உறைதல் பல தேன்களுக்கு இயல்பே என்று அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாதென்பதையும் சீட்டில் அச்சிடுவது கடமை.

விற்பனையில் இன்னொரு ஜாக்கிரதை. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ளது. கிலோ விலையை லிட்டர் விலையென்று எண்ணி அளந்து விற்கும் குடும்பம், ஒவ்வோர் அளவிலும் கால் பங்குக்கு மேற்பட்ட தேனை இனாமாகக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் சங்கத்திலும் வீட்டிலும் நிறுத்தே கொடுப்பதும் வாங்குவதும் நன்று.

தேனீக்களின் பங்கு

பருவம் முடியும் தறுவாயில் கடைசிச் சொட்டு வரையில் எடுத்துவிட மனம் தூண்டும். அப்பொழுதுதான் குடும்பத்தின் அறிவு வெளிப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கி வடகிழக்கு மழை ஓயும் வரையில் அவ்வட்டாரத்துத் தேனீக்களுக்கு ஆகாரம் அருமை. அப்போது கைவிடப்பட்ட கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும், அல்லது பட்டினியால் மாளும். ஆகையால் புழு அறைத் தேனைத் தொடாமல் விட்டு, வேண்டியபோது சர்க்கரைப் பாகும் கொடுத்துக் காப்பது அவசியம். அப்பாகு பஞ்ச காலத்து உணவே. தேன் அறை ஏற்றுவதற்கு முன்னரே அதை நிறுத்திவிட வேண்டும். பாகு தேன் அறைக்கு ஏறினால் அது தேனீயே செய்த கலப்படமாகிவிடும். பழியோ சங்கத்தின் பெயருக்கு.

வலிமையுள்ள கூட்டத்தின் அருமையை அவ்வட்டாரத்தார் துயரத்தால் அறிந்தவர்கள். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் புழுப்பை நோய் தென்னாட்டில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அது நச்சுயிரியால் வருவது. அதற்கு மருந்து கிடையாது. நூற்றுக்கணக்கான பெட்டிகள் வைத்திருந்த வீடுகளில் வெறும் பலகைகளே மிஞ்சின. பலர் தொழிலையே விட்டனர். எஞ்சியவர்கள் நோய்க்குத் தப்பிய கூட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றையே பிரித்துப் பெருக்கி, பல ஆண்டுகளில் தொழிலை மீட்டனர். ஆகையால் இன்று ஒரு கூட்டத்தில் சில கிலோ தேனை மிகுதியாகப் பறிப்பதற்காக அதன் வலிமையைக் குன்றச் செய்வது, மிகுந்த பாடுபட்டு மீட்ட முதலை வட்டிக்காக விற்பதை ஒக்கும்.

அங்கத்தினர்கள் செய்யத் தக்கவை

முடிவாக, ஒவ்வொரு சங்கமும் பருவத்துக்கு முன் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நலம். விலையுயர்ந்த யந்திரத்தை ஒவ்வொரு வீட்டாரும் வாங்க வேண்டியதில்லை; சில வீட்டாருக்கு ஒன்று என முறைவைத்து உபயோகிக்கலாம். ஆனால் நோய் கண்ட பெட்டியின் சட்டத்தை அதில் இடுதல் ஆகாது. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகுமுன் அதைக் கழுவி உலர்த்த வேண்டும். ஈரமளக்கும் கருவி ஒன்றைச் சங்கத்தில் வைத்து, ஒவ்வொரு வீட்டாரின் தேனையும் பீப்பாயில் ஊற்றுமுன் அவர் எதிரிலேயே சோதித்து, அளவைக் கணக்கில் பதிய வேண்டும். ஈரம் குறைந்த தேனுக்கு விலை சற்றுக் கூட்டியும், மிகுந்ததற்குக் குறைத்தும் கொடுப்பதெனத் தீர்மானித்தால், உபதேசத்தைவிட அது அதிகம் பலிக்கும். தகுதியில்லாத தேனை, கொண்டுவந்தவர் எவராயினும், தனிப் பாத்திரத்தில் வைப்பதென்பதும் மாறாத விதியாயிருக்க வேண்டும்.

தேனீக்கள் ஆயிரக்கணக்காய்க் கூடி ஒரே கலத்தை நிரப்புகின்றன, பதமாகாததை மூடுவதில்லை. சங்கத்தின் பீப்பாய்க்கும் அவ்விதியே பொருந்தும்.