நடந்தது போதுமா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் வைத்தியரை ஏற்றினால் அவர் நோயைப் பற்றித்தான் பேசுவார். இன்று நாம் எடுத்துக்கொண்டது உடற்பருமன். பெண்கள் கூடிய சபையில் இதைப் பேசுவது எளிதல்ல. "என்ன, நல்லா வைச்சிட்டாய்?" என்று கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்கப்பட்டு மனம் நொந்தவர்கள் எம்மில் பலர். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உடம்பு பருப்பது ஒழுக்கக் குறைவல்ல. எமது நாட்கள் மாறின. உடம்பு அவற்றின் பின்னால் போயிற்று.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் ஒரு வீட்டில் கூடினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் கைப்பைகள் திறந்தன. ஒருத்தி சலரோகத்துக்கு, ஒருத்தி பிரஷருக்கு, இன்னொருத்தி கொழுப்புக்கு என்று மாத்திரைகள் வெளியே வந்தன. "மருந்து போடாத ஆக்கள் ஆர்?" என்று ஒருத்தி பகிடியாகக் கேட்க, உயர்ந்தவை இரண்டே கைகள். அவற்றுள் ஒன்று எமது கை. சில வாரங்களின் பின் எமது இரத்தத்தைப் பரிசோதித்தபோது வெறுவயிற்றுச் சீனி 118 என்று வந்தது. 100க்கும் 125க்கும் இடைப்பட்ட அந்த எல்லையில் நிற்கும் நோயாளருக்கு நாம் நாள்தோறும் புத்தி சொல்பவர்கள்! அன்று எமக்கு நாமே சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மதியம், "இனி எல்லாரும் ஒவ்வொரு நாளும் நடப்பம்" என்று நாம் சொன்னோம். ஒரு தோழி உடனே மறித்தாள். "நீ நட. நான் 95இலை நடந்தது ஆயுளுக்கும் காணும்."

யாரும் சிரிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறியாத தங்கைமாருக்காகச் சொல்கிறோம். வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வீதிக்கு இறங்கி, மழையில், மூட்டை முடிச்சுகளோடு, அங்குலம் அங்குலமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. எங்கள் தலைமுறைக்கு நடை என்றால் உடற்பயிற்சியல்ல, வேறு வழியில்லாத நிலை.

அந்த வசனம் எம்மைப் பல நாள் விடவில்லை. 1990இல் மின்சாரம் போனது. பெற்றோல் வரவில்லை. நாம் சைக்கிளில் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போனோம். பின்னால் தங்கையையும் ஏற்றினோம். கிணற்றில் கப்பியால் தண்ணீர் அள்ளிக் குளித்தோம். அரிசியை உரலில் இட்டு இருவர் மாறி மாறி இடித்தோம். வானொலி கேட்கவும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவை ஓட்டினோம். பாட்டுக் கேட்பதற்கே உடம்பு அசைய வேண்டியிருந்த காலம் அது.

அது பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அன்றைய மெலிவில் பசியும் பயமும் இருந்தன. பின்னர் மோட்டார் வந்தது, கிறைண்டர் வந்தது, மாப் பைக்கற் வந்தது, ஸ்கூட்டி வந்தது. ஒவ்வொன்றும் எமது அம்மாமாரின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கியது. அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அசைவு எமது நாளிலிருந்து சிறிது சிறிதாகக் கழன்று போனதை நாம் கவனிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் சோற்றின் அளவோ அப்படியே இருந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமற் போனபோது சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. பெற்றோல் வந்ததும் பல மறுபடி சுவரோடு சாய்ந்தன. கட்டாயத்தால் வந்த அசைவு கட்டாயம் நீங்கியதும் போய்விடும். நாமாக விரும்பி ஏற்பதுதான் நிலைக்கும்.

அன்றாட அசைவுக்கு இவ்வளவு பெறுமதி உண்டா என்று கேட்பீர்கள். 1953இல் ஜெரமி மொரிஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தோரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சாரதி நாள் முழுவதும் இருந்தபடி ஓட்டுவார். நடத்துநர் ரிக்கற் கொடுக்க நாள் முழுவதும் படியேறி இறங்குவார். இருவரும் ஒரே பஸ்ஸில்தான். ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. பின்னர் சீருடை அளவுகளைப் பார்த்தபோது சாரதிகளின் இடுப்பளவு கூடுதலாக இருந்ததும் தெரிந்தது. நடத்துநர்கள் எவரும் பயிற்சிக்கென்று போகவில்லை. அவர்களது வேலையிலேயே அசைவு இருந்தது.

இதன் காரணம் தசையில் இருக்கிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசை. இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் அது வழமையாகத் திறக்கும். ஆனால் வேலை செய்யும் தசை இன்சுலினைப் பெரிதாக எதிர்பாராமலே சீனியை உள்ளே இழுக்கும். சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் மெல்ல நடப்பவரின் சீனி, கதிரையில் சாய்ந்து நாடகம் பார்ப்பவரின் சீனியைப் போல் ஏறாததற்கு இதுவே காரணம்.

ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. நடையால் மட்டும் நிறை பெரிதாகக் குறையாது. அரை மணி நேர நடையில் எரித்ததை ஒரு றோல்ஸும் ஒரு சோடாவும் திருப்பித் தந்துவிடும். ஒரு மாதம் நடந்து, தராசில் ஏறி, முள் அசையவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்கிறோம்: தராசு எல்லாவற்றையும் காட்டாது. முள் அசையுமுன்பே சீனியும் குருதியமுக்கமும் இறங்கத் தொடங்கும், நித்திரை நன்றாக வரும், மூட்டு இலகுவாகும். உணவில் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டி, அதனோடு அசைவையும் சேர்த்தால் பலன் பெரிது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சலரோகத்தின் எல்லையில் நின்றோர் வாரம் 150 நிமிட அசைவோடு நிறையில் 7 வீதத்தைக் குறைக்க முயன்றபோது நோய் வரும் வாய்ப்பு 58 வீதத்தால் குறைந்தது. மெற்போமின் மாத்திரையால் குறைந்தது 31 வீதம். 2006இல் வெளியான சென்னை ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றத்தால் அது 28 வீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த உடம்புகள் எமது உடம்புகளைப் போன்றவை.

எமது உடம்புக்குத் தனி எல்லை உண்டு. மேலைத்தேயத்தவருக்கு உடற்றிணிவுச் சுட்டி 25இல் எச்சரிக்கை தொடங்கும். ஆசியரான எமக்கு அது 23. அதைவிட எளிதான அளவு ஒரு தையல் நாடா. தெற்காசியப் பெண்ணின் வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. மெலிந்த கைகால்களோடு வயிறு மட்டும் தள்ளியிருப்பது எம்மவரின் வழமையான தோற்றம். "நான் குண்டில்லைத்தானே" என்று அவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

வைத்தியர்களாகிய எமது தவறையும் இங்கு சொல்லவேண்டும். பல ஆண்டுகள் நாம் கிளினிக்கில் "நடவுங்கோ" என்று ஒரு சொல் சொல்லி, அடுத்த துண்டை எடுத்தோம். ஒரு நாள் ஓர் அம்மா திருப்பிக் கேட்டார்: "எங்கை டொக்டர் நடக்கிறது? விடியக் காலமை நாய் கலைக்குது. பின்னேரம் மோட்டச்சைக்கிள் பெடியள் பகிடி பண்ணுறாங்கள். மருமோள், 'மாமி, ஊர் என்ன சொல்லும்' எண்டுறா." அன்றிலிருந்து நாம் கேள்வியை மாற்றினோம். "உங்கடை ஒரு நாளைச் சொல்லுங்கோ" என்று கேட்கிறோம். அந்த நாளுக்குள்ளேயே அசைவுக்கு இடம் தேடுகிறோம்.

இடம் உண்டு. அசைவு தொடர்ந்து பத்து நிமிடமாவது நீடித்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் கைவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, எப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சரி. முற்றம் கூட்டுவது, பூக்கன்றுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுவது, சந்தைக்கு நடந்து போய்ப் பையோடு திரும்புவது, தொலைபேசியில் பேசும்போது விறாந்தையில் உலாவுவது எல்லாம் சேரும். கோயில் வீதியை மூன்று முறை சுற்றுபவர் ஐந்து முறை சுற்றலாம். கொழும்பிலிருப்போர் ஒரு தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸை விட்டிறங்கலாம், மின்தூக்கியை விட்டுப் படியேறலாம். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனிக்குள் அடைபட்டிருக்கும் தோழிகள் கடைத்தொகுதிக்குள் நடக்கலாம், சமையலறையில் பாட்டுப்போட்டு ஆடலாம். நல்ல மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேசவும் முடிய வேண்டும். அந்த வேகம் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடுங்கள். கதிரையைப் பிடிக்காமல் பத்துத் தரம் எழும்பி இருப்பதில் தொடங்கலாம். நெஞ்சுவலி உள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் முதலில் தங்கள் வைத்தியரைக் கேளுங்கள். சலரோகம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

இனி எமது பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியது நாளொன்றுக்கு 60 நிமிட அசைவு. காலையில் வானில் வந்து, பின்னேரம் ரியூசனில் இருந்து, இரவு தொலைபேசியோடு படுக்கும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கே? பத்தாம் ஆண்டு வந்ததும், "விளையாடினது காணும், படி" என்று வலைப்பந்தாட்டத்தை நிறுத்துவது யார்? நாம்தான், பழைய மாணவிகளாகிய அம்மாமார்தான். அதே வயதில் அண்ணன் மைதானத்தில் நிற்பான். பதினைந்து வயதில் விளையாட்டை விட்ட பெண்ணிடம், நாற்பத்தைந்து வயதில் வந்து "நடவுங்கோ" என்பது காலங்கடந்த வைத்தியம்.

இறுதியாக, சங்கத்திடம் பணிவான ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு கட்டிடம் எழவேண்டும் என்பதில் எமக்கும் ஆசையுண்டு. அதற்கு மைதானத்தின் ஒரு பக்கத்தை எடுக்கலாம் என்ற பேச்சும் காதில் விழுந்தது. கட்டிடம் மேல்நோக்கி எழும்பட்டும். மைதானத்தில் ஒரு முழமும் குறைய வேண்டாம். மாடி பின்னரும் கட்டலாம், நிலத்தை இனி எங்கே வாங்குவது? முடிந்தால் வாரத்தில் மூன்று பின்னேரங்கள் அந்தக் கேற்றைப் பழைய மாணவிகளுக்கும் தாய்மாருக்கும் திறந்துவிடுங்கள். நாயில்லை, பகிடியில்லை, ஊர்க் கண்ணில்லை. ஒரு விளக்கும் ஒரு கழிவறையும் இருந்தாற் போதும்.

இந்த யோசனை எமது மூளையில் உதித்ததல்ல. 95இல் நடந்தது ஆயுளுக்கும் காணும் என்றாளே, அந்தத் தோழி சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னாள்: "றோட்டிலை எண்டால் வரமாட்டன். பள்ளிக்கூடக் கிறவுண்டிலை எண்டால் வாறன். அங்கை நான் ஓடித் திரிஞ்சனான்."

அவள் வருவதற்கு ஓர் இடம் இருக்கட்டும்.