பேட்டரி மெஷினும் நமது பாதுகாப்பும்

(ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு பார்க்க வேண்டும், பீலிக்குப் போக வேண்டும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1867 ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து வெகுகாலம் கொழுந்து பறிக்கும் கருவி என்றால் நமது பெண்களின் பத்து விரல்கள்தான். கவ்வாத்துக்குக் கத்தி இருந்தது. பிறகு கொழுந்து வெட்டக் கத்தரி வந்தது. இப்போது பல தோட்டங்களில் பேட்டரியில் ஓடும் கொழுந்து மெஷின் வந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு, தச்சு வேலைக்கு டிரில், இரும்பு அறுக்கக் கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. நமது இளைஞர்கள் சிலர் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இவற்றைப் பற்றிப் பேசும்போது பலர் எங்களிடம் கேட்பது இதுதான்: “இதுல பெட்ரோல் இல்ல, வயர் இல்ல, சத்தமும் கொஞ்சம்தான். பிறகு என்னங்க பயம்?”

இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். வயரை எடுத்துவிட்டார்கள், கரண்டை எடுக்கவில்லை. சுவரில் மாட்டும் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிய உடனே அது வெறும் இரும்பு. பேட்டரி மெஷினுக்கு அப்படி இல்லை. அது தன்னுடைய கரண்டைத் தன்னோடு சுமந்துகொண்டு திரிகிறது. மலையில் கிடந்தாலும், வாசலில் சாத்தி வைத்தாலும், பேட்டரி உள்ளே இருக்கும் வரை அது ஓடத் தயாராகவே இருக்கிறது. ஆகையால் இரண்டு விஷயங்களை மனதில் பதிய வைக்க வேண்டும். ஒன்று, கத்திக்கு அருகில் கை போகுமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இரண்டு, பேட்டரிக்குச் சார்ஜ் போடும் இடம் நாம் படுத்துறங்கும் காம்பரா அல்ல.

இந்தப் பேட்டரி எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வயர் இல்லாத முதல் டிரில்லை அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் கம்பெனி 1961 இல் வெளியிட்டது. 1971 இல் அப்பலோ 15 விண்கலத்தில் போனவர்கள் சந்திரனின் தரையைத் துளைத்ததும் பேட்டரி டிரில்லால்தான். அங்கே பிளக் போட இடம் ஏது? அந்தக் காலத்துப் பேட்டரிகள் பாரமானவை, சீக்கிரம் இறங்கிவிடும். 1991 இல் ஜப்பானின் சோனி கம்பெனி லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதை உருவாக்கப் பாடுபட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் கையிலுள்ள போனிலும், இன்று வருகின்ற பெரும்பாலான பேட்டரி மெஷின்களிலும் இருப்பது அதே வகைதான். சிறிய பெட்டிக்குள் பெரிய சக்தி. நன்மையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

முதலில் மலையில் நடப்பதைப் பார்ப்போம்.

மெஷின் நன்றாக ஓடும்போது விரல் போவது குறைவு. அது சிக்கி நிற்கும்போதுதான் விரல் போகிறது. ஒரு தடித்த வாது கத்தியில் மாட்டிக்கொள்கிறது. மெஷின் நின்றுவிட்டது. நிறுவைக்கு நேரமாகிறது, கிலோ குறைந்தால் சம்பளம் குறையும். “ஒரு நிமிஷம்தானே” என்று விரலை விட்டு வாதை இழுக்கிறோம். மறுகை இன்னமும் சுவிட்சின் மேல் இருக்கிறது. வாது வெளியே வந்ததும் கத்தி ஓடுகிறது.

பேட்டரியைக் கழற்றி மாட்ட அரை நிமிடம் போதும். ஒரு நாளில் பத்துத் தரம் சிக்கினாலும் மொத்தம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை கொழுந்து குறைந்துவிடும்? விரல் போனால் ஆயுள் முழுவதும் குறைவு. கங்காணிமாரும் வெளிக்கள உத்தியோகத்தர்களும் இதை உணர வேண்டும். பேட்டரியைக் கழற்றும் தொழிலாளியைப் பார்த்து “ஏன் நிக்கிற?” என்று கேட்கக் கூடாது. முதுகில் பேட்டரியைச் சுமந்து வயரில் இணைக்கும் மெஷினென்றால், அந்த இணைப்பைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் விட்டால் போதாது.

மலையில் கவனிக்க வேண்டிய வேறு சில காரியங்கள்:

சேலைத் தலைப்பு, துப்பட்டா, படங்குக் கயிறு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் தொங்கக் கூடாது. இறுக்கிச் செருக வேண்டும். காலில் சப்பாத்து வேண்டும். புல் வெட்டுபவருக்கும் கிரைண்டர் பிடிப்பவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

காலில் அட்டை ஏறினால் ஓடுகிற மெஷினோடு குனிய வேண்டாம். நிறுத்தி, கீழே வைத்து, பிறகு அட்டையைப் பிடுங்குங்கள். ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குத் தாண்டும்போதும், கானைக் கடக்கும்போதும் மெஷின் நின்றிருக்க வேண்டும். நமது மலைகள் சரிவானவை. மழைநாளில் கால் வழுக்காத ஆள் யார்?

மெஷினை வைக்குமுன் தேயிலைத் தூரில் குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குளவி கிளம்பிவிட்டால் சுவிட்சை விட்டு, மெஷினைப் போட்டுவிட்டு ஓடுங்கள். மெஷினைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பழக்கம் இல்லாதவர் கையில் மெஷினைக் கொடுக்கக் கூடாது. பழக்கிக் கொடுக்காமல் மெஷின் தந்தால், “எங்களுக்கு முதல்ல காட்டிக் குடுங்க” என்று கேட்பது உங்கள் உரிமை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் தொடவே கூடாது.

அடுத்தது, மெஷினைப் பராமரிக்கும் விதம்.

வேலை முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு தூரிகையால் இலைத்தூளைத் தட்டி, கத்தியில் ஒட்டிய கறையை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் கொஞ்சம் எண்ணெய் பூசுங்கள். சேலை துவைப்பது போல் பீலியில் பிடித்துக் கழுவ வேண்டாம். தண்ணீர் மோட்டாருக்குள் போனால் மெஷின் கெடும், பேட்டரி பூட்டும் இடத்தில் போனால் கரண்ட் ஒழுகும். ஆணிகள் இறுக்கமா, வயரின் மேலுறை வெடித்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மொட்டைக் கத்தி ஆபத்தானது. அது வாதை வெட்டாமல் இழுக்கும், சிக்கும். சாணை பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பேட்டரியைச் சில்லறைக் காசு, சாவி, கத்தி கிடக்கும் பையில் போடாதீர்கள். இரும்பு இரண்டு முனையையும் தொட்டால் தீப்பொறி பறக்கும். மழையில் நனைந்த பேட்டரியை நன்றாக உலர வைக்காமல் சார்ஜில் போடக் கூடாது. அடுப்பருகில் வைத்து உலர்த்துவதும் கூடாது, நிழலில் காற்றாட வையுங்கள். மெஷினைச் சில வாரங்கள் பாவிக்கப் போவதில்லை என்றால் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. மருந்தடிக்கும் பம்புகள் சிலவற்றில் இருப்பது ஈயப் பேட்டரி. அதை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்க வேண்டும். இரண்டின் சார்ஜரும் வேறு வேறு. “முனை பொருந்துது, போடலாம்” என்பது பெரிய தவறு. பேட்டரியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பாவிக்க வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான விஷயம், சார்ஜ் போடும் இடம்.

நமது லயங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பரா. பரணில் விறகு, மூலையில் துணிமூட்டை, ஒரு பிளக்கில் நாலைந்து வயர். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அடுத்த காம்பராவில் தூங்கும் பிள்ளைக்கும் ஆபத்து. லயத்தில் தீப்பிடித்து ஒரே இரவில் பல குடும்பங்கள் உடுத்த உடையோடு நின்ற செய்திகளை மலையகத்தில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாம் சாம்பலாகும். அந்தக் காம்பராவுக்குள், பாயின் மேல், இரவு முழுவதும் ஒரு பெரிய பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு உறங்குவது நியாயமா?

லித்தியம் பேட்டரி அடிபட்டு அல்லது அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், உள்ளே தானாகவே சூடு பெருகி வெடித்து எரியும். வருகிற புகை நஞ்சு. போன் பேட்டரியை விட மெஷின் பேட்டரியில் பல மடங்கு சக்தி அடங்கியிருக்கிறது.

ஆகவே தோட்டத்து மெஷினின் பேட்டரிக்குத் தோட்டமே இடம் ஒதுக்க வேண்டும். ஸ்டோரிலோ, கொழுந்து மடுவத்திலோ, சீமெந்துத் தரையும் காற்றோட்டமும் ட்ரிப் சுவிட்சும் உள்ள ஓர் இடம் போதும். பொறுப்புக்கு ஒருவர் இருக்க வேண்டும். “வீட்டுக்கு எடுத்துப் போய் சார்ஜ் போட்டு வா” என்று தொழிலாளியிடம் சொல்வது, ஆபத்தையும் கரண்ட் பில்லையும் சேர்த்து அவர் தலையில் கட்டுவதாகும். தோட்ட நிர்வாகத்திடம் இதை எல்லோருமாகச் சேர்ந்து, மரியாதையோடு, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். தனியாக ஒருவர் கேட்பதை விடச் சங்கத்தின் மூலம் கேட்பது நல்லது.

சொந்த மெஷின் வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பகலில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் போதும். பின்னேரம் ஐந்து மணிக்குப் போட்டால் எட்டு மணிக்குக் கழற்றிவிடலாம். சீமெந்துத் தரையில், வாசலை மறிக்காத இடத்தில் வையுங்கள். துணியால் மூடாதீர்கள். மலையிலிருந்து சூடாக வந்த பேட்டரி ஆறிய பிறகுதான் சார்ஜ். ஐப்பசி, சித்திரை மாதங்களில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது மானாப்புல் காய்ந்து கிடக்கும். அந்த நாளில் கிரைண்டர் பொறி ஒன்று போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

பேட்டரி வீங்கினால், வெடித்தால், ஒழுகினால், விழுந்து நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. திறந்து பார்க்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், கானில் எறியாதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே தனியாக வைத்து, தோட்டத்துப் பொறுப்பாளரிடமோ விற்ற கடையிடமோ ஒப்படையுங்கள்.

புகையத் தொடங்கிவிட்டால்? கையால் தூக்க வேண்டாம். முதலில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியேற்றுங்கள், பக்கத்துக் காம்பராக்காரரைக் கத்திக் கூப்பிடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் நின்ற பிறகு தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். பொருளுக்காக மறுபடி உள்ளே ஓடாதீர்கள்.

காயம் பட்டால் கோப்பித்தூள், மஞ்சள், தேயிலைத்தூள் எதுவும் அப்பக் கூடாது. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கூடவே கொண்டு போங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசை வேண்டாம். 1990 க்குப் போன் செய்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏற்பு ஊசி போட்டதா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலையில் பட்ட காயத்தை “சின்னக் காயம்தானே” என்று மறைக்காதீர்கள். அன்றைக்கே உத்தியோகத்தரிடம் சொல்லி, டிஸ்பென்சரிப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வேலையின் போது, வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இடமளிக்கிறது. எழுத்தில் இல்லாத காயத்துக்கு நட்டஈடு கேட்பது கடினம்.

மெஷின் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முதுகு வலியும் தோள் வலியும் கொஞ்சம் குறையுமென்றால் அது வரட்டும். ஆனால் கத்தியைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றுவோம், பேட்டரியைக் காம்பராவுக்கு வெளியே வைப்போம். நாளைக் காலைப் பிரட்டில் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இந்த இரண்டையும் சொல்லுங்கள். அதுவே நீங்கள் எங்களுக்குச் செய்யும் உதவி.