பேணுவோரையும் பேணுதல்: உளக்காயமுற்ற குழந்தைகளும் அவர்களை ஏற்ற குடும்பங்களும்



பெற்றோரை இழந்தோ, கைவிடப்பட்டோ, வன்முறை, குடி, நோய் ஆகியவற்றால் பெற்ற வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்டோ வேறொரு வீட்டுக்கு வந்து சேரும் குழந்தைகளின் பராமரிப்பே இம்மாநாட்டின் ஆய்வுப்பொருள். அவ்வீடுகள் மூவகைப்படும். சட்டப்படி நிலையான பெற்றோர்–பிள்ளை உறவை உண்டாக்குவது தத்தெடுப்பு. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, பெற்ற குடும்பம் அல்லாத பிறிதொரு குடும்பம் குழந்தையைக் குறித்த காலத்துக்கு ஏற்று வளர்ப்பது வளர்ப்புப் பராமரிப்பு. பாட்டி, தாத்தா, மாமன், சித்தி முதலானோர் தம் வீட்டுப் பிள்ளையாக வைத்து வளர்ப்பது உறவினர் பராமரிப்பு. சட்டத்தின் பார்வையில் வேறுபட்ட இம்மூன்றையும் ஒரே அவையில் வைத்து ஆராய்வதற்குக் காரணம், இவ்வீடுகளுக்கு வரும் குழந்தைகள் பலர் உளக்காயத்தோடு வருகிறார்கள் என்பதே.

தாங்கும் ஆற்றலை மீறிய அச்சமோ இழப்போ உடலிலும் உள்ளத்திலும் பதிந்து, ஆபத்து நீங்கிய பின்னரும் அது தொடர்வதுபோலவே ஒருவரை இயங்கச் செய்யும் நிலை உளக்காயம் எனப்படுகிறது. அச்சம் நேரும்போது குழந்தையின் உடலில் கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுவதும், அருகிலுள்ள பெரியவர் அணைத்து ஆற்றும்போது அவை தணிவதும் இயல்பு. ஆற்ற வேண்டியவரே அடிப்பவராகவோ, இல்லாமற் போனவராகவோ இருக்கும்போது, தணியாத விழிப்பு குழந்தையின் வழக்கமாகிவிடுகிறது. இதனை அறிந்து நடத்தும் பராமரிப்புக்கு அமெரிக்க அரசின் போதைப்பழக்க, மனநலச் சேவைகள் நிர்வாகம் 2014இல் நான்கு கூறுகளை வகுத்தது: உளக்காயத்தின் பரந்த தாக்கத்தை உணர்தல், அறிகுறிகளை இனங்காணுதல், அந்த அறிவுக்கேற்ப நடைமுறைகளை அமைத்தல், மீண்டும் காயம் நேராமல் காத்தல். இது மருத்துவமனையில் வாரம் ஒரு மணி நேரம் நடக்கும் சிகிச்சைக்கு மாற்றன்று. எஞ்சிய நேரமெல்லாம் அடுக்களையிலும் படுக்கையிலும் பள்ளி வாசலிலும் நடக்க வேண்டிய நடத்தை முறை.

சத்துணவில் கொடுத்த முட்டையைத் தின்னாமல் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும் ஆறு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். நாற்றம் எடுத்த பின் அதைக் கண்டெடுக்கும் வீட்டார், ‘வீட்டில் இல்லாததா, ஏன் இந்தத் திருட்டுப் புத்தி?’ என்று ஏசுவது வழக்கம். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத இடத்தில் அக்குழந்தை கற்ற முன்னெச்சரிக்கை அது. பொரியும் பிஸ்கட்டும் நிறைந்த டப்பா ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, காலியாகும்போதெல்லாம் கணக்குக் கேட்காமல் நிரப்பிவரும் வீட்டில் பதுக்கல் பெரும்பாலும் மெல்லக் குறைகிறது. உணவு நாளைக்கும் உண்டு என்பதைக் குழந்தை அறிவுரையால் நம்புவதில்லை. பல நாள் கண்டு நம்புகிறது.

குடும்பச் சூழலின் ஆற்றலுக்கு வலுவான சான்று ருமேனியாவிலிருந்து கிடைத்தது. 1966இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடைசெய்ததும் வறுமையும் சேர்ந்ததால், 1989இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தனர். பின்னாளில் அத்தகைய விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புக்கரெஸ்ட் நகரில் ஆராய்ந்தனர். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு வளர்ப்புக் குடும்பங்கள் அமைந்தன. விடுதியிலேயே இருந்தவர்களைவிடக் குடும்பத்துக்குச் சென்றவர்களின் அறிவுத்திறன் உயர்ந்திருந்ததும், இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் கூடுதல் பயன் பெற்றதும் 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாயின. இவ்வாய்வைச் சுட்டுவோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர். கவனச்சிதறல் போன்ற சில குறைகள் குடும்பத்துக்குச் சென்ற பின்னரும் நீங்கவில்லை என்பது ஒன்று. அவ்வளர்ப்புத் தாய்மார்களுக்கு ஊதியமும், அடிக்கடி வந்து வழிகாட்டிய சமூகப் பணியாளர்களின் துணையும் இருந்தன என்பது மற்றொன்று. வெறும் வீடு அன்று, துணை பெற்ற வீடே அப்பயனைத் தந்தது.

இத்தகைய துணை மிகக் குறைவாகக் கிடைப்பது உறவினர் வீட்டுக்கே. ‘பிள்ளை பாட்டியிடம்தானே இருக்கிறது’ என்ற விடை கிடைத்தவுடன் விசாரிப்பு முடிந்துவிடுகிறது. மகளைப் பறிகொடுத்த அப்பாட்டியும் துக்கத்தில் இருப்பவர். மகளின் சாவுக்கு மருமகனே காரணம் என்று நம்புபவராயின், பேரனின் முகச்சாடையே அவருக்கு ஆறாத நினைவு. சிறுவன் பிடிவாதம் பிடிக்கும்போது ‘அப்பன் புத்தி அப்படியே இருக்கிறது’ என்ற சொல் அவர் வாயில் வருவது கொடுமையால் அன்று, ஆறாத புண்ணால். ஆனால் அச்சொல் சிறுவனின் காயத்தைக் கிளறுகிறது. இரத்த உறவு பாசத்தைத் தரலாம். காயத்தை ஆற்றும் பயிற்சியையும் ஓய்வையும் அது தானாகத் தந்துவிடாது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தத்தெடுப்பு, வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு ஆகியவற்றுக்கு வழிவகுத்துள்ளது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், உறவினரிடம் வளரும் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க இடமுண்டு. தமிழக அரசு 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. இவை வயிற்றுக்கும் படிப்புக்கும் உதவுகின்றன. பாட்டியோடு உட்கார்ந்து பேச ஆள் தருவதில்லை. தத்தெடுப்பிலோ, 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பின்தொடர் விசாரிப்பு இரண்டு ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. தன் பிறப்பைப் பற்றிய கேள்விகள் மூளும் பதின்வயதில், அக்குடும்பம் தானாகத் தேடிச் சென்றாலன்றித் துணையில்லை.

ஆகவே இம்மாநாட்டின் அமர்வுகள் மூன்று பரிந்துரைகளை உருவாக்க வேண்டும். நிதி ஆதரவு பெறும் ஒவ்வோர் உறவினர் குடும்பத்துக்கும் எளிய தமிழில் பயிற்சியும், மாதம் ஒருமுறையேனும் வந்து கேட்கும் பணியாளரும் அமைய வேண்டும். தத்தெடுத்த குடும்பங்களுக்கான ஆலோசனை குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை நீள வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் உளக்காயம் பற்றிய பாடம் இடம்பெற வேண்டும். அறிஞர்கள் கட்டுரைகளை வாசிப்பதோடு அமையாது, அவையிலுள்ள வளர்ப்புப் பெற்றோரின் பட்டறிவையும் கேட்டு இப்பரிந்துரைகளைச் செப்பனிட்டு அரசின் முன் வைக்குமாறு வேண்டி, மாநாடு தொடங்கிவைக்கப்படுகிறது.