ஏடும் படமும்



மேல்சித்தாமூர்த் தேர்விழாவில் எடுத்த பழைய நிழற்படங்கள் நம்மவர் இல்லங்களில் உள்ளன. வடம்பிடித்து நிற்பவர் யார், அருகில் நிற்கும் சிறுவன் எக்குடும்பத்தான் என்பதை மூத்த பாட்டியார் ஒருவரே அறிவார். அவருக்குப் பின் படம் இருக்கும், பெயர் இராது.

சீவகசிந்தாமணியை வழிவழியாகப் பயின்றுவந்த கும்பகோணத்துச் சமணர் கூறிய விளக்கங்கள், உ.வே.சாமிநாதையரின் 1887ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் துணைநின்றன. ஏடு மட்டும் போதவில்லை. பொருள் சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது. நிழற்படமும் அத்தகைய ஏடே.

ஆதலின், இம்மகாவீரர் ஜெயந்தி நாளில் முதியோரைச் சூழ்ந்து அமர்ந்து கேளுங்கள். பெயர், ஊர், உறவு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். உறவினர்க்கும் நகல் வழங்குங்கள்.

அறம் வளர்க!